நினைவில் இல்லாத சொல்

ஆதிலட்சுமி வாக்கரைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததைப் போன வாரம் பார்த்தோம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அரை டம்ளர் கஞ்சி. அதற்கு அடுத்த நாள் அதுவும் இல்லை.

விழுவதற்கு முன்னால் அவளைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த இடத்தில் கட்டிய வீடு. ஐம்பத்தைந்து வயதிலும் அந்த வீட்டுக்குள் அவள் நடப்பது நடையாக இருக்காது, ஓட்டமாகத்தான் இருக்கும். கணவர் சுப்பிரமணி இறந்து பல வருஷமாகிறது. மகன் மாறன் கலெக்டர் ஆபீசில் கிளார்க். மருமகள் எழிலரசி போளூரில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்து டீச்சர். இருவருக்கும் டிபன் கட்டி, வாசல் கேட்டு வரை வந்து கையில் கொடுத்து அனுப்பினால்தான் அவளுக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

ஐப்பசி மழையில் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியவள் பின்கட்டுப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் எலும்பு முறிந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து, முறிந்ததை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். தையல் பிரித்து, காயமும் ஆறிவிட்டது. நடக்கத்தான் அவளுக்கு மனமில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே எழிலரசி பெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "அவங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்றான் மாறன். பிறகு ஒருநாள் கேட்டபோது, "மல்லாட்ட புடுங்கறாங்க, ஆள் கெடைக்கல" என்று நிலக்கடலை அறுவடையைக் காரணம் காட்டினான். ஒரே பயணத்துக்கு இரண்டு காரணம் வந்ததும் ஆதிலட்சுமி அதற்குமேல் கேட்கவில்லை. தானாகவே ஒன்றை முடிவு செய்துகொண்டாள். நொண்டியாகிப் படுத்துவிட்ட மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ள எந்த மருமகள்தான் இருப்பாள்?

அந்த நினைப்பு வந்ததில் இருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அன்று சனிக்கிழமை. கார்த்திகை தீபம் முடிந்து ஊர் காலியாகியிருந்தது. வேலூர் எலும்பு டாக்டர் சனிக்கிழமைதோறும் திருவண்ணாமலைக்கு வந்து பார்ப்பார்.

"நான் வரலடா. எலும்பு கூடினா இன்னா, கூடாட்டி இன்னா? இனிமே எங்க ஓடப்போறேன்?"

"யம்மா, வண்டி வந்து நிக்குது. கண்ணாயிரம் சீட்டுல தலகாணி எல்லாம் போட்டு வெச்சிருக்கான். ஏந்திரும்மா."

"எங்கயாவது கொண்டு போய் உட்டுடுன்னு சொன்னேனே. அதைச் செய்யி."

மாறன் கட்டில் ஓரமாகக் குந்தி அவள் காலில் செருப்பை மாட்டினான். குனிந்திருந்த அந்தத் தலையில் நரைமுடி தெரிந்தது. முப்பத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு நரை. அதைப் பார்த்ததும் ஆதிலட்சுமி வாக்கரை நோக்கிக் கையை நீட்டினாள்.

டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. சின்னக்கடைத் தெருப் பக்கம் மாடிக்கட்டடம். கீழே எலும்பு டாக்டர், மேலே வெவ்வேறு கிழமைகளில் வெவ்வேறு டாக்டர்கள். உயரமான நாற்காலியில்தான் அவள் உட்கார வேண்டும் என்று மாறன் நர்சிடம் கெஞ்சி ஒன்றை வாங்கிப் போட்டான். சீட்டு எழுதிக்கொண்டு வர அவன் நகர்ந்தபோது எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யக்கா! என்னைத் தெரியலியா? வேலூர்ல பக்கத்துக் கட்டிலு. ராணியம்மா."

தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டிக் கிடந்தவள். தண்டராம்பட்டு பக்கத்துப் பெண்பிள்ளை. இப்போது ஊன்றுகட்டைகள் இரண்டையும் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆதிலட்சுமிக்கு முகம் நினைவிருந்தது.

"எப்பிடி இருக்கே?"

"இருக்கறேன் யக்கா. மருமவ எங்க? கூட வரலியா?"

"ஊருக்குப் போயிருக்கா."

"தங்கமான பொண்ணு. வேற ஒருத்தியா இருந்தா அன்னிக்கே கெளம்பியிருப்பா. அந்தச் சொல்லையும் கேட்டுக்கினு, நீ வீட்டுக்குப் போறவரைக்கும் ஒன் பக்கத்துலயே தரையில படுத்துக் கெடந்தாளே…"

"எந்தச் சொல்லு?"

ராணியம்மாளின் சிரிப்பு நின்றது. சீட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்த மாறனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் இல்ல யக்கா. நீ அப்ப நெதானத்துல இல்ல. ஊசி மயக்கம்."

"நான் இன்னா சொன்னேன்?"

"விடு யக்கா."

"ராணியம்மா, எங்கிட்ட இவன் எதையோ மறைக்கறான். நீயும் மறைக்காதே."

ஆனால் ராணியம்மாள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது. "அந்தப் பொண்ணு வராண்டா கொழாயண்ட போய் அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிக்கினு வந்து ஒனக்குப் பெட்பேன் வெச்சிது. நான் பாத்தேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

உள்ளிருந்து ஆதிலட்சுமி பேரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அருமையா இருக்கு. நடக்கலாம். ஏன் நடக்கலை? எடை வேற இவ்வளவு கம்மியாயிருக்கு."

ஆதிலட்சுமி வேறு ஒன்றைக் கேட்டாள்.

"டாக்டரு, ஆபரேசன் பண்ண பொறவு நான் ஏதாவது பேசினேனா?"

அவர் எக்ஸ்ரேயை மேஜைமேல் வைத்தார். ஒருகணம் மாறனைப் பார்த்தார்.

"ரெண்டு மூணு நாள் குழப்பமா இருந்தீங்க. ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டீங்க. யார் யாரையோ கூப்பிட்டீங்க. இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அப்படி வரதுண்டும்மா. மூளைக்கு அசதி. தானா வந்து தானா போயிடும். பைத்தியம் இல்லை, பேய் பிசாசும் இல்லை."

"அப்ப வாயில வர்றது மனசுல இருந்ததுதானா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கனவுல பேசறோம். அது முழுக்க நாமதானா? எனக்குத் தெரியாதும்மா. நான் எலும்பு டாக்டர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு தெரியும். நீங்க சாப்பிடலை, தூங்கலை, எழுந்து நடக்க மனசு வரலை. அதுக்கும் வைத்தியம் இருக்கு. புதன்கிழமை மாடியில டாக்டர் ராமகிருஷ்ணன் வரார். மனநல டாக்டர். ஒருதடவை பாருங்க."

"மனநல டாக்டரா சார்?" மாறன் பதறிவிட்டான். "எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. கொஞ்சம் வீட்டுக் கவலை…"

"காலு வலிச்சா எங்கிட்ட வரீங்க இல்லையா? அதுமாதிரிதான் மாறன்."

அம்பாசடர் காரில் பின்சீட்டில் தலையணைமேல் உட்கார வைத்து, காலை நீட்டிவிட்டு, மாறன் முன்னால் ஏறப்போனான்.

"பின்னால வா."

அவன் பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லு. அந்தப் பொண்ண நான் இன்னா சொன்னேன்?"

"வேணாம்மா."

"நீ சொல்லலன்னா நான் இங்கயே எறங்கி அந்த ராணியம்மா கால்ல உழுந்து கேப்பேன்."

மாறன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினான். ஆபரேஷனுக்கு மறுநாள் சாயங்காலம் அது. பார்வையாளர்கள் நேரம். வார்டு முழுக்க ஆட்கள். அம்மா ட்ரிப்ஸ் குழாயை இழுத்தாள். எழிலரசி ஓடிப்போய் கையைப் பிடித்தாள். அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"இன்னான்னு?"

"பெத்ததை முழுங்கிட்டு எம்முன்னால வந்து நிக்கறியாடின்னு."

ஆதிலட்சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசகர்களுக்கு எழிலரசியின் கதை தெரியும். போன வருஷம் ஆடி மாதம் ஏழாவது மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோய், ஆஸ்பத்திரியில் எடுத்த ஆண்குழந்தை அழவே இல்லை. தினமும் போளூருக்குப் பஸ்ஸில் போய்வந்ததுதான் காரணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதை வீடு தேடிவந்து சொன்ன ஒருத்தியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவள் இதே ஆதிலட்சுமிதான். அதன்பிறகு மாதக்கணக்கில் பூண்டுக்குழம்பும் கருவாட்டுக்குழம்புமாக வைத்து, எழிலரசியின் தலைக்கு எண்ணெய் தேய்த்து, அவள் அழுதபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடத்தில் போய் அந்தச் சொல்.

"நான் அப்பிடி நெனைச்சதே இல்லடா," என்றாள் ஆதிலட்சுமி. குரல் விரல்களுக்குள் அமுங்கியது. "சாமி சத்தியமா, ஒருநாளும் நெனைச்சதில்ல."

"எனக்குத் தெரியும்மா. அதைத்தான் அவகிட்ட சொன்னேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போறேன். உள் ரூம்ல இருந்து வெளிய வரவே மாட்டேங்கறா." மாறன் மூக்கை உறிஞ்சினான். "ஒனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னுதான் பொய் சொன்னேன். நீ என்னமோ உளறினேம்மா. நம்ம வீட்ல கேணியே கெடையாது. கேணியில கை வெக்காதேன்னு வேற கத்தினே."

"இன்னா சொன்னே?"

"கேணி. 'எங்கேணியில கை வெக்காதே, போ வெளிய'ன்னு…"

ஆதிலட்சுமியின் கை வாயிலிருந்து இறங்கியது. அவள் மகனைப் பார்த்தாள். ஆனால் பார்த்தது அவனை அல்ல. பார்வை எங்கேயோ போய் நின்றுவிட்டது.

"யம்மா? என்னம்மா பண்ணுது? தண்ணி வேணுமா?"

அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாயிரம், வீட்டுக்கு வேணாம். செஞ்சி ரோட்டுல உடு. கீழ்பென்னாத்தூருக்கு."

எழிலரசியின் தாய்வீடு கடைத்தெருவைத் தாண்டி, நெல் மண்டிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. சந்துக்குள் கார் போகவில்லை. முனையில் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் கட்டிலில் இருந்து பாத்ரூமுக்குப் போவதற்கே முனகிய ஆதிலட்சுமி, வாக்கரை ஊன்றி ஊன்றி அந்தச் சந்தின் மேடுபள்ளத்தில் நடந்தாள். மாறன் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். ரவிக்கை நனைந்துவிட்டது. வாசற்படியில் வாக்கரைக் கூட வந்த கண்ணாயிரத்திடம் கொடுத்துவிட்டு, ஒரு கை மாறன் தோளிலும் ஒரு கை சுவரிலுமாக ஏறினாள்.

எழிலரசியின் அம்மா சரசு சத்தம் கேட்டு வெளியே வந்தாள். ஆதிலட்சுமியைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. இந்தக் காலை வெச்சிக்கினு ஏன் வந்தீங்க? எதாவது ஆச்சுன்னா அந்தப் பழியும் எம்பொண்ணு தலையிலதான் உழும்."

"அத்தே…" என்று ஆரம்பித்தான் மாறன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. ஊருல நாலு பேரு பேசினாங்க, பொறுத்துக்கினோம். கூடவே இருந்து, கையைப் புடிச்சிக்கினு இருந்தவங்க ஆஸ்பத்திரியே கேக்கற மாதிரி சொன்னதை எப்பிடிப் பொறுக்கறது? அவ தூங்கறதே இல்ல, தெரியுமா அண்ணி? தலை வாரிக்கறதில்ல. இஸ்கூலுக்கு லீவு எழுதிப் போட்டுட்டா. சோறு போட்டா பெசைஞ்சிக்கினே உக்காந்திருக்கா."

ஆதிலட்சுமி அத்தனையையும் சுவரைப் பிடித்து நின்றபடியே கேட்டாள்.

"நீங்க கேக்கறது நியாயம் சரசு. நான் சமாதானம் பேச வரல. எழிலுகிட்ட ஒரு விசயம் சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்."

உள் அறைக் கதவு திறந்தது.

எழிலரசியைப் பார்த்ததும் மாறன் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டான். கசங்கிய சேலை, எண்ணெய் காணாத தலை, கண்ணுக்குக் கீழே கருவளையம். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே வியாதி வந்ததுபோல இருந்தது.

சரசு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆதிலட்சுமி உட்காரப் போனாள்.

"அதுல உக்காராதீங்க," என்றாள் எழிலரசி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய் இரண்டு தலையணையை எடுத்து வந்து நாற்காலியில் அடுக்கினாள். தாழ்வாக உட்கார்ந்தால் மூட்டு நழுவிவிடும் என்று வேலூரில் அவளிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுக்கி முடித்ததும் நகர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆதிலட்சுமி உட்கார்ந்தாள்.

"நான் இன்னா சொன்னேன்னு இன்னிக்கித்தாம்மா எனக்குத் தெரியும். அது வரைக்கும், நொண்டிக்கிழவியை உட்டுட்டு ஓடிட்டேன்னு ஒன்னைத் திட்டிக்கினு இருந்தேன்."

எழிலரசி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்தச் சொல்லு என்னுது இல்ல. எம்மாமியா எங்கிட்ட சொன்னது. ஒரு எழுத்து மாறாம அதேதான்."

சமையற்கட்டுப் பக்கம் போகத் திரும்பிய சரசு அப்படியே நின்றாள்.

"எனக்குப் பத்தொம்பது வயசு. அவலூர்பேட்டை பக்கம் கிராமத்துல குடுத்திருந்தாங்க. மொதல்ல ஒரு பொண்ணு பொறந்தா. மாறனுக்கு மூத்தவ. அஞ்சு மாசம் இருந்தா. குப்புற உழுந்து, தலையைத் தூக்கிப் பாத்துச் சிரிப்பா. திடீர்னு வயித்தால போச்சு. வண்டி கட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறோம், வழியிலயே…" அவள் நிறுத்தி, எச்சில் விழுங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "திருப்பி வீட்டுக்குக் கொண்டாந்தோம். எம்மாமியா கழனியில இருந்து வந்தாங்க. கொழந்தையப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அப்ப சொன்னதுதான் அது. கேணியில கை வெக்காதேன்னாங்க. வெக்கல. ஒரு வருசம் ஏரிக்குப் போய்த்தான் தண்ணி கொண்டாந்தேன். மாறனோட அப்பா ஒரு வார்த்தை கேக்கல. நானும் யாருகிட்டயும் சொல்லல. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. இன்னிக்கித்தான் வாயத் தெறந்து சொல்றேன்."

மாறன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தனக்கு மூத்தது ஒன்று இருந்தது என்பதே அவனுக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

"அதை ஏன் என்னைப் பாத்துச் சொன்னீங்க?" எழிலரசியின் குரல் கரகரத்தது. பேசிப் பல நாளான குரல். "என் முகத்தைப் பாத்துத்தானே சொன்னீங்க அத்தை?"

ஆதிலட்சுமி யோசித்தாள். இல்லை, உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும்.

"தெரியலம்மா. நெசமாவே தெரியல. ஒம்மூஞ்சில நான் என்னையே பாத்தேனோ என்னவோ. இல்ல, நானே எம்மாமியாவா ஆயிட்டேனோ. டாக்டரைக் கேட்டேன், அவருக்கும் தெரியல. ஒன்னை சமாதானப்படுத்த ஒரு பொய்யச் சொல்ல எனக்கு மனசு வரல."

எழிலரசி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தச் சொல்லு இல்ல அத்தை எனக்கு," என்றாள். "அதைவிட மோசமா தெருவுல கேட்டிருக்கேன். நீங்க ஒரு வருசமா எனக்குப் பாத்துப் பாத்து செஞ்சீங்க. வார்டுல அதைக் கேட்டதும் அத்தனையும் வேஷம்னு ஆயிடுச்சு. உள்ளுக்குள்ள இதை வெச்சிக்கினுதான் எனக்குத் தலைக்கு எண்ணெய் தேச்சாங்களான்னு… அதுதான் தூங்க விடல. நானும் அப்படித்தான் நெனைக்கறேன் அத்தை. நான்தான் முழுங்கிட்டேன்னு. பஸ்ஸுல போகாம இருந்திருந்தா பொழைச்சிருக்குமோன்னு தெனமும் நெனைக்கறேன். நீங்க அதைச் சொன்னதும் சரியாப் போச்சு, இவங்களுக்கும் தெரிஞ்சிருக்குன்னு…"

"நீ முழுங்கலம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் முழுங்கல. அது எனக்கு இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான் புரிஞ்சிது, கார்ல வர்றப்ப."

எழிலரசி அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். சரசு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆதிலட்சுமிக்கும் இறங்கிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. குனியக்கூடாத உடம்பை வைத்துக்கொண்டு, தலையணைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அழுதாள்.

அழுகை அடங்கியபின் எழிலரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் குழந்தைக்குப் பேரு வெச்சிருந்தீங்களா?"

"பூங்காவனம்."

அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சொல்லிவிட்டு, யாராவது தடுப்பார்களோ என்பதுபோலச் சுற்றிப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

"என் புள்ளைக்கு நான் பேரே வெக்கல," என்றாள் எழிலரசி.

சரசு எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். பல நாளுக்குப் பிறகு ஆதிலட்சுமி ஒரு டம்ளரை முழுதாகக் குடித்தாள்.

"எழிலு, வீட்டுக்கு வான்னு கூப்பிட நான் வரல. ஒனக்கு எப்ப தோணுதோ அப்ப வா. தோணாட்டியும் தப்பில்ல. ஆனா ஒண்ணு. டாக்டரு என்னை மனநல டாக்டர்கிட்ட போவச் சொன்னாரு. புதன்கெழமை, எலும்பு டாக்டரு மாடியிலயே. எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துல இதுக்கு ஒரு டாக்டரு இருக்காருன்னே தெரியாது. ஒன்னைப் பாத்தா ஒனக்கும் வேணும்னு தோணுது. வர்றியா?"

"இன்னா அண்ணி பேசறீங்க?" சரசு பதறினாள். "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டர்கிட்டயா? நாளைக்கு இந்த ஊர்ல இவளை இன்னான்னு பேசுவாங்க? இவங்கப்பா காதுல உழுந்தா வெட்டுக்குத்தே ஆயிடும்!"

"பேசறவங்க அவளைத் தூங்க வெப்பாங்களா சரசு?"

சரசுவுக்கு மனம் ஒப்பவில்லை என்பது அவள் டம்ளர்களை எடுத்த வேகத்தில் தெரிந்தது.

கிளம்பும்போது எழிலரசி படிக்கட்டு வரை வந்தாள். மாறன் அவளருகே தயங்கினான். "நான் உன்னை அன்னிக்கே வார்டுல இருந்து வெளிய கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றான் மெதுவாக. அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

சந்தில் ஆதிலட்சுமி நாலு எட்டு போனதும் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அத்தை."

வாக்கரோடு திரும்புவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"வர்றேன்னு சொல்லல. ஆனா புதன்கிழமை எனக்காகப் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்காதீங்க. கால் வீங்கிடும். நேரா கிளினிக்குக்கே போயிடுங்க."

"சரிம்மா."

திரும்பும் வழியில் ஊருக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கண்ணாயிரம் இன்ஜினை அணைத்துவிட்டு, வேர்க்கடலை விற்பவனிடம் பேச இறங்கிப் போனான். காருக்குள் தாயும் மகனும் மட்டும்.

"யம்மா."

"ம்."

"அக்கா யாரு சாயல்?"

அவன் 'அக்கா' என்றது ஆதிலட்சுமிக்குள் இறங்க வேண்டியிருந்தது.

"ஒன் சாயல்தான். மூக்கு மட்டும் என்னுது."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ரயில் கடந்து போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர ஆரம்பித்தன.

"புதன்கெழமை அவ வருவாளாம்மா?"

"தெரியலப்பா," என்றாள் ஆதிலட்சுமி. "நான் போவேன்."